இருபத்து நான்காம் பெட்டி

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

குன்றில் போட்ட இரண்டாம் துளையிலிருந்து எடுத்த கல் துண்டுகளின் பெட்டிகள் இருபத்து நான்கையும் பார்த்து முடித்துவிட்டேன். அவற்றை இறக்கிய அன்று லாரி அண்ணன் போட்ட சத்தத்தில் மாடியில் இருந்தவர்கள்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். "கல்லுதானேன்னு போடாதீங்கப்பா, கண்ணாடின்னு நெனச்சு எறக்குங்க" என்றார். ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் நீ எழுதிய ஆழ அளவுகளைப் பார்த்துவிட்டு, "யாரு எழுதுறது இதை, அச்சடிச்ச மாதிரி இருக்கே?" என்று பெரிய சார் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரியும். முகாம் கொட்டகையில் கல் கழுவி அடுக்குகிறவள் என் அக்கா என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. யாரிடமும் எதையும் சொல்ல எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நேற்று பேசினேன். வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதத்தில் முதல் முறையாகக் கூட்டத்தில் வாயைத் திறந்தேன்.

போன முறை வீட்டுக்கு வந்தபோது, "ஏன்டி, இந்தப் பச்சைக் கல்லுக்குள்ள அப்படி என்னத்தைத் தேடுறீங்க?" என்று கேட்டாய். அன்று எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். நீங்கள் முகாமில் மூட்டைக்கல் என்கிறீர்களே, அது இருநூற்றைம்பது கோடி வருடங்களுக்கு முன் கடலுக்கு அடியில் வெடித்த எரிமலையின் குழம்பு. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் குழம்பின் வெளிப்புறம் தோல்போல இறுகிவிடும், உள்ளே சூடாகவே இருக்கும். அப்படி மூட்டை மூட்டையாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அடுக்காகியிருக்கிறது. பிறகு பூமிக்குள் புதைந்து, வெந்து, நசுங்கி, கறுப்பாக இருந்த கல் பச்சையாக மாறிவிட்டது. ஆனால் வடிவம் போகவில்லை. குழம்பில் இருந்த வாயுக் குமிழிகள் மேல்நோக்கி ஏறி, தோலுக்குக் கீழே சிக்கிக்கொண்டன. நீ கழுவும்போது பார்ப்பாயே, வெள்ளைப் புள்ளிகள், அவைதான். புள்ளி நெருக்கமாக இருக்கும் பக்கம் அந்தக் காலத்தின் மேல்பக்கம்.

மேல் எது என்று ஏன் தெரிய வேண்டும்? செம்பு எரிமலை அடுக்கின் மேலேதான் படிந்திருக்கும். குன்றில் அடுக்குகள் கிழக்கே சாய்ந்திருக்கின்றன. எல்லாம் நேராக இருந்தால் செம்பைக் கிழக்குச் சரிவில்தான் தேட வேண்டும். எங்காவது அடுக்கு மடிந்து கவிழ்ந்திருந்தால் மேற்குச் சரிவிலும் அது மறுபடி வரும்.

நூற்றுப் பதினைந்து மீட்டர் ஆழம் வரை புள்ளிகள் மேல்பக்கம் இருக்கின்றன. அதற்குக் கீழே, கடைசிப் பெட்டியில், ஐந்து மீட்டர் முழுக்கத் தலைகீழ். அங்கே ஒரு மடிப்பு இருக்கிறது என்று சொன்னேன். குரல் நடுங்கியது. பெரிய சார் மேசையைத் தட்டி, "இதைத்தானே நான் பன்னெண்டு வருஷமா சொல்லிட்டு வர்றேன்! ஒருத்தனாவது கேட்டீங்களா?" என்றார். மூன்றாம் துளை கிழக்குச் சரிவில் போடுவதாக இருந்தது. இப்போது ஏப்ரல் 20 அன்று துளை போடும் ரிக்கை மேற்குச் சரிவுக்கு நகர்த்தப் போகிறார்கள். கூட்டக் குறிப்பில் என் பெயர் இருக்கிறது. அம்மா அந்தக் காகிதத்தை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் "கல்லையே பேச வெச்சுட்டா" என்றாள்.

முகாம் போனில் பேசினால் இன்சார்ஜ் அறையில் இருக்கும் அத்தனை பேரும் கேட்பார்கள். அதனால் இதைக் காலிப் பெட்டியின் மூடிக்குள் வைத்து அனுப்புகிறேன்.

உன் பாப்பா

*

மார்ச் 9

பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. லாரி அண்ணன் மூடியைத் திறந்து, "இந்தா, உனக்குக் கல்லுக்குள்ளேருந்து லெட்டர் வந்திருக்கு" என்று எல்லார் முன்னாலும் நீட்டினார். அவர் வாயில் ரகசியம் தங்காது, பார்த்துக்கொள்.

நீ பேசியது சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" சொல்வதற்கே பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளிச் சொல்ல வைப்பாய். நீ மேசை முன்னால் நின்று பேசினாய் என்றால் அந்தக் கல் பேசியதைவிடப் பெரிய அதிசயம்.

வெள்ளைப் புள்ளி விஷயம் புரிந்தது. அன்றிலிருந்து கழுவும்போது கண் தானாக அதைத்தான் தேடுகிறது.

ஒன்று கேட்கட்டுமா? கடைசிப் பெட்டி ஒன்றை வைத்து மட்டுமா முடிவு செய்தீர்கள்? ஒரு பெட்டி போதுமா? எனக்குத் தெரியாது, அதனால் கேட்கிறேன்.

இங்கே மேற்குச் சரிவில் ரிக் போகப் பாதை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பது மரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு வளையம் போட்டிருக்கிறது. எனக்கு மே கடைசியோடு மூன்று வருடம் முடிகிறது. அதற்குப் பிறகு நிரந்தரம் என்று இன்சார்ஜ் சொன்னார். "அதுவரைக்கும் கை சுத்தமா இருக்கணும்" என்றும் சொன்னார். எனக்கு முன்னால் கொட்டகையில் இருந்தவள் இரண்டு பெட்டிக் கல்லைக் கலந்துவிட்டாள் என்று ஒரே நாளில் மூட்டை கட்டி அனுப்பினார்கள். அதைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறார்.

அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா?

அக்கா

*

மார்ச் 24

அன்புள்ள அக்கா,

நேராகவே கேட்டுவிடுகிறேன். சுற்றி வளைத்து நான்கு முறை எழுதிக் கிழித்துப் போட்டாயிற்று.

அறிக்கையில் சேர்க்க இருபத்து நான்காம் பெட்டியைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் வரிசையின் முதல் துண்டில், கல்லைச் சுற்றி மெல்லிய கீறல்கள் இருந்தன. சோப்புக் கட்டியை நகத்தால் சுரண்டியதுபோல. அது என்ன என்று எனக்குத் தெரியும், உனக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். துளையின் அடியில் கல்லைக் கவ்வி ஒடித்து மேலே கொண்டுவரும் வளையத்தின் பல் பட்ட தடம். வளையம் எப்போதும் கீழ் நுனியைத்தான் கவ்வும். துளை நூற்றிருபது மீட்டரில் முடிந்தது. அப்படியானால் அந்தக் கீறல் பெட்டியின் கடைசித் துண்டில் இருக்க வேண்டும், முதல் துண்டில் அல்ல.

கடைசித் துண்டைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

பெட்டியில் கல் முழுவதும் முன்பின்னாக இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படி என்றால் கவிழ்ந்தது அடுக்கு அல்ல, பெட்டிதான். மடிப்பே இல்லை.

கொட்டகையில் ஏதாவது நடந்ததா? ஞாபகம் இருந்தால் எழுது. இல்லை என்றாலும் எழுது.

பாப்பா

*

மார்ச் 29

பாப்பாவுக்கு,

என்னை விசாரிக்கிறாயா?

மூன்று வருடமாக நூற்றுக்கணக்கில் பெட்டி அடுக்கியிருக்கிறேன். ஒரு துண்டு மாறியதில்லை. இன்சார்ஜே சொல்லியிருக்கிறார். வளையம் எங்கெங்கோ கீறும். பாதி வழியில் கல் சிக்கிக்கொண்டால் இரண்டு தரம் கவ்வுவார்கள். ரிக்கில் நின்று பார்த்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். நீ பேனா பிடித்துப் பார்க்கிறாய், நான் கையை வைத்துப் பார்க்கிறேன்.

பத்தாம் வகுப்போடு நிறுத்தியவள்தானே, அவள்தான் தப்பு செய்திருப்பாள் என்று உனக்கு முதலில் தோன்றியிருக்கிறது. உங்கள் ஆபீசில் பெட்டியைத் தொட்ட பத்துப் பேரில் ஒருவர்மேலும் சந்தேகம் வரவில்லையா?

ஒன்றும் நடக்கவில்லை. வேறு வேலை இருந்தால் பார்.

அக்கா

*

ஏப்ரல் 3

அக்கா,

போன லாரியில் நான் ஒன்றும் எழுதி அனுப்பவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உன்மேல் சந்தேகம் முதலில் வந்தது உண்மை. நீ பத்தாவது படித்தவள் என்பதால் இல்லை. ஐந்து மீட்டர் கல், முப்பத்தொரு துண்டு, ஒவ்வொரு உடைப்பும் அடுத்த உடைப்போடு மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்துகிறது. ஆபீசில் யாராவது தவறவிட்டிருந்தால் அப்படிப் பொருத்தியிருக்க மாட்டார்கள். அள்ளிப் போட்டு மூடியிருப்பார்கள். இவ்வளவு பொறுமையாகச் சேர்த்து வைக்கிற கை எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருக்கிறது.

கீறல் பற்றி நீ சொன்னதையும் சரிபார்த்தேன். மற்ற இருபத்து மூன்று பெட்டிகளிலும் வளையத் தடங்களைத் தேடினேன். முப்பத்தெட்டு கிடைத்தன. எல்லாம் கீழ் நுனியில். ஒன்றுகூட மாறவில்லை.

நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. 20ஆம் தேதி ரிக் நகர்கிறது. அதற்குள் நான் சாரிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும். சொன்னால் பெட்டி எங்கே கவிழ்ந்தது என்று கேட்பார்.

பாப்பா

*

ஏப்ரல் 8

பாப்பாவுக்கு,

முப்பத்தொரு துண்டு. எண்ணியிருக்கிறாய். நானும் எண்ணினேன், சேற்றில் உட்கார்ந்து.

பிப்ரவரி 19, மத்தியானம் மூன்று மணி இருக்கும். துளை முடிந்து கடைசிக் கல் வந்தது. கூடத் தூக்குகிறவள் பல் வலி என்று போயிருந்தாள். ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசலில் ஏறும்போது அங்கே கிடந்த குழாயில் கால் இடறியது. பெட்டி குப்புற விழுந்தது. ஆழம் எழுதிய மரத்துண்டுகள்கூட ஒரு பக்கம் போய்விட்டன.

எல்லாவற்றையும் பொறுக்கிக் கழுவினேன். உடைந்த தட்டை ஒட்டுவதுபோல ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். கடைசியில் எல்லாமே சேர்ந்து, தரையில் ஐந்து மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடாக நின்றது. ஒரு துண்டு மிச்சமில்லை. அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. அப்புறம்தான் உறைத்தது. இதில் தலை எது, கால் எது?

இருபத்து மூன்றாம் பெட்டியின் கடைசித் துண்டோடு எந்த நுனி சேர்கிறதோ அது தலை. ஆனால் இருபத்து மூன்றின் கடைசி அரை அடி ஜல்லியாகப் பொடிந்திருந்தது. எதோடும் சேராது. ஒரு நுனி கொஞ்சம் கரும்பச்சையாக இருந்தது, இருபத்து மூன்றும் கரும்பச்சை. அதைத் தலை என்று வைத்துவிட்டேன்.

வளையத் தடம் எனக்குத் தெரியாதா என்று நினைப்பாய். தெரியும். அன்று சேறு, பின்னால் அப்போதுதான் வந்த இன்சார்ஜ் நின்றுகொண்டு, "ஆச்சா? மூடியைப் போடும்மா, லாரி நிக்குது" என்கிறார். பார்க்கத் தோன்றவில்லை. "சார், விழுந்துடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு முன்னால் இருந்தவள் தலையில் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்ததுதான் கண் முன்னால் வந்தது. மூடியைப் போட்டுவிட்டேன்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. கடைசிப் பெட்டி தலைகீழ், மடிப்பு, கூட்டக் குறிப்பில் பெயர், அம்மா தடவிப் பார்த்தாள் என்று. அதற்குமேல் நான் எப்படிச் சொல்வது? நீ முதல் முறையாக வாயைத் திறந்ததே என் தப்பை வைத்துத்தான் என்று எழுதச் சொல்கிறாயா?

போன தடவை எழுதியதற்கு என்னைத் திட்டிக்கொள். பெட்டி என்னால் கவிழ்ந்தது.

பாதை வெட்டுகிறவர்கள் இதுவரை ஒன்பது மரம் சாய்த்துவிட்டார்கள்.

அக்கா

*

ஏப்ரல் 10

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை படிக்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

இன்று காலை சாரிடம் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். முதல் முறை பார்ப்பதற்காக இருபத்து நான்காம் பெட்டியின் கல்லை வெளியே எடுத்தபோது நான்தான் முன்பின்னாகத் திருப்பி அடுக்கிவிட்டேன், அதைக் கவனிக்காமல் மடிப்பு என்று சொல்லிவிட்டேன், மன்னிக்கவும் என்று. முகாம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு என்ன ஆகும்? திட்டுவார்கள். தகுதிகாண் காலத்தில் இருக்கிறவள் தப்பு செய்வாள் என்று எல்லாருக்கும் தெரியும். உனக்கு மே கடைசி வரைதான். நீ ஒன்றும் சொல்லாதே. யார் கேட்டாலும் பெட்டி சரியாகத்தான் போனது என்று சொல். தயவுசெய்து.

பாப்பா

*

ஏப்ரல் 10

பாப்பாவுக்கு,

இன்சார்ஜ் ஜீப் இன்று தலைமை ஆபீசுக்கு வருகிறது. டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நான் சொல்லிவிட்டேன். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய், "பிப்ரவரி பத்தொம்பதாம் தேதி இருபத்து நாலாம் பெட்டி என் கையிலேருந்து விழுந்துச்சு சார். தலைகால் தெரியாம அடுக்கிட்டேன்" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. "இப்ப எதுக்கு இதைச் சொல்ற?" என்றார். "இருபதாம் தேதி ரிக் போறதுக்குள்ள சொல்லணும்னுதான் சார்" என்றேன். அப்புறம் கத்தினார். காது கொடுத்துக் கேட்டுக்கொண்டேன். எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். கொட்டகைப் பக்கம் தலை காட்டக் கூடாது என்றார்.

"ஆபீஸ்ல இதை யார்கிட்ட சொல்லணும்?" என்றார். பெட்டியைப் பார்க்கிற ஜியாலஜிஸ்ட் என் தங்கச்சி என்று சொன்னேன். வேறு வழி இல்லை, எப்படியும் தெரிந்துவிடும். உனக்குக் கஷ்டமாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நீ நிம்மதியாக உண்மையைச் சொல்லலாம்.

அக்கா

*

ஏப்ரல் 13

அக்கா,

என் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உன் கையெழுத்து சாரின் மேசைக்கு வந்துவிட்டது. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பெட்டியைக் கவுத்தது நீயா, இவங்களா?"

பெட்டிகள் வந்து இறங்கிய அன்றே ஸ்டோரில் எடுத்த படங்களை மேசைமேல் போட்டார். அதிலேயே கீறல் முதல் துண்டில்தான் இருக்கிறது. நான் பெட்டியைத் தொடுவதற்கு நான்கு நாள் முன்னால் எடுத்த படம். எனக்கு அந்தப் படங்கள் இருப்பதே மறந்துபோயிருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் பொய் சொன்னால் இப்படித்தான்.

"இவங்க யாரும்மா உனக்கு?"

"எங்க அக்கா சார்."

"எந்த அக்கா?"

"கூடப் பொறந்த அக்கா சார்."

"ஒன்பது மாசமா சொல்லலையே?"

"நீங்க கேக்கலை சார்."

"அச்சடிச்ச மாதிரி எழுதுறவங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, அவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

பிறகு சொன்னதுதான் விஷயம். "ரெண்டு பேரு ரெண்டு கதை சொன்ன பெட்டியை நான் எந்தப் பக்கமும் நம்ப மாட்டேன். கீறல் இருக்கு, சரி. படம் எடுக்குறதுக்கு முன்னாடி யார் எப்போ தொட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? மேற்குல மடிப்பு இருக்குன்னு நான் பன்னெண்டு வருஷமா சொல்றேன். இல்லைன்னா தரையில காட்டு. காட்டலைன்னா இருபதாம் தேதி ரிக் போகும்." நான் எழுதிய பொய்யால் உன் உண்மையும் செல்லாமல் போய்விட்டது, அக்கா. அதற்கு உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

விசாரணை முடியும்வரை நான் முகாமுக்கு வரக் கூடாது. அதனால் உன்னைக் கேட்கிறேன். மேற்குச் சரிவின் அடிவாரத்தில் நீங்கள் துணி துவைக்கும் ஓடை இருக்கிறதே, அதன் கரையில் மூட்டைக்கல் வெளியே தெரிகிறது என்று ஒரு முறை சொன்னாய். மூட்டையின் மேல்பக்கம் உருண்டையாக இருக்கும். கீழ்ப்பக்கம், அடியில் உள்ள இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் இறங்கி, கூராக வால்போல முடியும். பெட்டியை மூடும் கண்ணாடித் தாளைக் கரைப் பாறைமேல் விரித்து, ஒவ்வொரு மூட்டையின் ஓரத்தையும் வரைந்து, அதன் வால் தண்ணீர் ஓடும் பக்கமா, தண்ணீர் வரும் பக்கமா என்று குறித்து அனுப்பு. ஓடை ஓடும் திசைக்கு ஒரு அம்புக்குறி போடு.

எந்தப் பக்கம் இருந்தால் நல்லது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். கேட்காதே.

பாப்பா

*

ஏப்ரல் 16

பாப்பாவுக்கு,

சுருட்டி வைத்திருப்பது நான்கு தாள். நனைந்திருக்கிறது, நிழலில் உலர்த்து.

கொட்டகை வேலை இல்லாததால் எனக்கு நேரம் நிறைய. இரண்டு நாள் ஓடையில்தான் இருந்தேன். தாளின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் காற்றில் பறந்தது. லாரி அண்ணன் வந்து பிடித்துக்கொண்டார். "என்னம்மா, கல்லுக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு, அரை நாள் முழங்கால் தண்ணீரில் நின்றார். வாய் மட்டும் ஓயவில்லை.

பதினாலு மூட்டை வரைந்திருக்கிறேன். பத்துக்கு வால் தண்ணீர் ஓடும் பக்கம். ஒன்றுக்கு எதிர்ப்பக்கம், அது தனியாக உருண்டு வந்த கல்லோ என்று சந்தேகம், சந்தேகம் என்றே எழுதியிருக்கிறேன். மூன்றுக்கு எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை, நசுங்கியிருக்கிறது. அதற்குத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

எது வேண்டும் என்று நீ சொல்லாததே நல்லது. சொல்லியிருந்தால் அந்த மூன்றுக்கும் வால் முளைத்திருக்கும்.

இனி உன் குறிப்பு விஷயம். இன்சார்ஜ் அதை என் முன்னால் சத்தமாகப் படித்தார், ஆபீசிலிருந்து நகல் வந்ததாம். எனக்காக ஒருத்தி அப்படி எழுதுவாள் என்று கேட்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் பாப்பா, பெட்டி உன் கையில் கவிழ்ந்தது என்று கேட்டபோது, சேற்றில் உட்கார்ந்து முப்பத்தொரு துண்டைச் சேர்த்தவள் அங்கே இல்லாமலே போய்விட்டாள். தப்பு செய்தவளும் இல்லை, அவ்வளவு பொறுமையாகச் சேர்த்தவளும் இல்லை. ஏற்கெனவே ஒன்பது மாதம் உன் ஆபீசில் நான் இல்லை. இதிலும் என்னை இல்லாமல் ஆக்காதே.

கோபமாக எழுதவில்லை. இருக்கிறதைச் சொன்னேன்.

அக்கா

*

ஏப்ரல் 22

அன்புள்ள அக்கா,

சார் 18ஆம் தேதி ஓடைக்கு வந்து இறங்கியதை நீயே பார்த்திருப்பாய். இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

நான்கு தாளையும் கூட்ட மேசையில் விரித்தேன். இரண்டு முனையிலும் கண்ணாடி எடைக்கற்களை வைத்தேன். ஓடை மேற்கே ஓடுகிறது. வால் மேற்கே என்றால் மேல்பக்கம் கிழக்கே. மடிப்பு இருந்தால் இங்கே வால் கிழக்கே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அடுக்கு மேற்கு அடிவாரம் வரைக்கும் நேராகவே இருக்கிறது. இதை நின்றுகொண்டு சொன்னேன், குரல் நடுங்கவில்லை, ஏன் என்று தெரியவில்லை.

சார் தன் பன்னிரண்டு வருடத்தையும் அந்தத் தாளில் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். விரலை அந்த மூன்றின்மேல் வைத்து, "தெரியவில்லைன்னு எழுதியிருக்காங்களே" என்றார். பிறகு, "நானே போய்ப் பாக்குறேன்" என்றார். திரும்பி வந்து, பாதை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். மூன்றாம் துளை கிழக்குச் சரிவில்தான். சாய்த்த மரம் பதினாறோடு நின்றது.

எனக்குத் தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீட்டிப்பு, பொய்க் குறிப்பு எழுதியதற்கு. மடிப்பு என்று தப்பாகச் சொன்னதற்கு ஒன்றும் இல்லை. அது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. அம்மாவிடம் சொன்னேன். "மறுபடியும் பேசினியா?" என்று மட்டும் கேட்டாள். பேசினேன் என்றேன்.

மத்தியானம் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலே, "ஓடைப் படம் வரைஞ்சது எங்க அக்கா" என்றேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒருவர் சர்க்கரையை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்.

அறிக்கை புதிதாக எழுதுகிறேன். ஓடைப் படத்தின் கீழே வரைந்தவர் பெயர் போட வேண்டும். கள ஊழியர் என்று மட்டும் போடலாம் என்கிறார்கள். எனக்கு உன் பெயரைப் போட வேண்டும். உனக்குச் சம்மதமா? பெட்டி பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன்: "24ஆம் பெட்டியின் கல் தலைகீழாக அடுக்கப்பட்டிருந்ததால் அது விளக்கத்தில் சேர்க்கப்படவில்லை." யார் என்று எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று சாரும் சொல்லிவிட்டார்.

உன் வேலை என்ன ஆயிற்று? இன்சார்ஜ் அனுப்பிய தாளில் "முடிவு செய்யப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது.

பாப்பா

*

ஏப்ரல் 27

பாப்பாவுக்கு,

அனுப்பிவிடவில்லை. கொட்டகையிலிருந்து எடுத்து, மாதிரிக் கல்லைச் சாக்கில் போட்டுத் தைக்கிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். கோணி ஊசி இரண்டு நாளாக விரலைப் பதம் பார்க்கிறது. மூன்று வருடக் கணக்கு மே ஒன்றாம் தேதி முதல் புதிதாக ஆரம்பிக்குமாம். நிரந்தரம் என்ற பேச்சு அப்புறம்தான். முதலில் வயிறு எரிந்தது. பிறகு அனுப்பாமல் விட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன். இரண்டும் மாறி மாறி வருகிறது.

உன் சார் ஓடைக்கு வந்தபோது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பதினாலையும் தடவிப் பார்த்தார். அந்த மூன்றில் ஒன்றுக்கு வால் எது என்று கண்டுபிடித்துக் காட்டினார். நானும் பார்த்தேன். சரிதான், ஓடும் பக்கம். மற்ற இரண்டும் அவருக்கும் தெரியவில்லை. போகும்போது, "தங்கச்சி மாதிரியே நீங்களும் பேச மாட்டீங்களோ?" என்றார். "வேலை இருக்கும்போது பேசுறதில்லை சார்" என்றேன். லாரி அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பெயர் போடுவது பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டு நாள் யோசித்தேன்.

படத்துக்கு என் பெயர் போடுவதானால் பெட்டிக்கும் போடு. "தலைகீழாக அடுக்கப்பட்டிருந்தது" என்றால் அது தானாகப் போய் அடுக்கிக்கொண்டதா? யார் விழவிட்டது, எந்தத் தேதி, எதை வைத்துத் தலை என்று நினைத்தாள், எல்லாவற்றையும் எழுது. ஓடையில் தெரியாததற்குத் தெரியவில்லை என்று எழுதியவளும், கொட்டகையில் தெரியாததைத் தெரிந்ததுபோல அடுக்கி மூடியவளும் ஒருத்திதான். அதைத் தெரிந்துகொண்டால்தான் என் படத்தை எவ்வளவு நம்பலாம் என்று படிக்கிறவர்கள் முடிவு செய்ய முடியும். ஒன்றை மட்டும் போட்டால் அந்தக் காகிதத்தை நானே நம்ப மாட்டேன்.

இன்சார்ஜ் கோபப்படுவார். படட்டும், அவரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதான் அதில் இருக்கப்போகிறது.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள். படத்துக்குக் கீழே பெரிதாகவும் பெட்டிக்குக் கீழே பொடியாகவும் போட்டுவிடாதே. உனக்கு அப்படிச் செய்யத்தான் கை போகும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு எழுத்தில் போடு.

அக்கா